வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, பிறகு ஏன் இவ்வளவு கவலை? நியூ ஜெர்சியின் ஒரு தெருவிலிருந்து

எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒரே ஆண்டில் ஒரே பில்டர் கட்டியவை. மூன்று படுக்கையறை, ஒரு கார் நிற்கிற கராஜ், பின்னால் கொஞ்சம் புல்வெளி. ஒன்றை வாங்கியவர்கள் 2021 ஜனவரியில் வாங்கினார்கள், மற்றதை வாங்கியவர்கள் 2023 அக்டோபரில். முதல் குடும்பம் கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் கடற்கரைக்குப் போய் வருகிறது. இரண்டாவது வீட்டுக்காரர் வாரம் முழுக்க ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக உணவு டெலிவரி செய்கிறார். இரு குடும்பங்களின் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான், பிள்ளைகள் ஒரே பள்ளிப் பேருந்தில் போகிறார்கள். வீடு வாங்கிய மாதம்தான் வேறு.

இதைப் புரிந்துகொண்டால் இன்றைய அமெரிக்கக் குடும்பங்களின் கவலையில் பாதி புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். ஊரிலிருந்து போனில் பேசுகிற சொந்தக்காரர்கள் பல தடவை கேட்டிருக்கிறார்கள்: வேலை கிடைக்கிறது, பங்குச்சந்தை ஏறிக்கொண்டே போகிறது, அப்புறம் அங்கே எல்லாரும் எதற்குப் புலம்புகிறார்கள்? நியாயமான கேள்விதான். 2022 ஜூனில் இங்கே வேலையின்மை 3.6 சதவீதம். அதைவிடக் குறைவாக இருந்த காலங்கள் மிகச் சில. அதே மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகம் நடத்தும் நுகர்வோர் மனநிலைக் கணிப்பு 50 புள்ளிக்கு இறங்கியது, அந்தக் கணிப்பு தொடங்கிய நாளிலிருந்து அன்றுவரை அதுதான் அதலபாதாளம். புள்ளிவிவரம் பொய் சொல்லவில்லை, மக்களும் பொய் சொல்லவில்லை. இரண்டும் அளப்பது வேறு வேறு விஷயங்களை.

முதலில் விலைவாசி. 2022 ஜூனில் ஆண்டுப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது, நாற்பது ஆண்டுகளில் இல்லாத அளவு. அப்புறம் அது இறங்கி மூன்று சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தது. "பணவீக்கம் குறைந்துவிட்டது" என்று அரசாங்கம் அறிவித்தபோது மக்களுக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் பெரும்பாலான விலைகள் இறங்கவில்லை. ஏறுகிற வேகம் மட்டும்தான் குறைந்தது. ஏறின விலை ஏறினதுதான், அதன் மேல் இன்னும் மெதுவாக ஏறுகிறது. சம்பளமும் ஓரளவு ஏறியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சம்பள உயர்வை நம் உழைப்புக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறோம், விலை உயர்வை யாரோ நம் பையிலிருந்து எடுத்துக்கொண்டதாக உணர்கிறோம். பறவைக் காய்ச்சலில் கோழிகளைக் கொன்று குவித்ததால் 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலருக்குப் போனது. முட்டை பிறகு இறங்கிவிட்டது. ஆனாலும் கடையில் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்த அந்த நிமிடத்தை யாரும் மறக்கவில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம், உண்மையான அடி அங்கேதான் விழுந்திருக்கிறது.

அமெரிக்க வீட்டுக் கடனில் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான கடன்களில் முப்பது ஆண்டுக்கும் ஒரே வட்டி. நம் ஊரில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை ஏற்றினால் பழைய கடன்காரருக்கும் தவணை ஏறும் அல்லது நீளும். இங்கே அப்படியில்லை. கையெழுத்துப் போட்ட அன்று என்ன வட்டியோ அதுதான் கடைசி வரை. வட்டி இறங்கினால் மட்டும் பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் எடுத்துக்கொள்ளலாம், அதை ரீஃபைனான்ஸ் என்கிறார்கள். ரூஸ்வெல்ட் காலத்தில் 1938இல் தொடங்கிய ஃபேனி மே, 1970இல் வந்த ஃபிரெடி மேக் ஆகிய இரண்டு நிறுவனங்களும் வங்கிகளிடமிருந்து இந்தக் கடன்களை வாங்கிக்கொள்வதால்தான் இவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரே வட்டியில் வங்கியால் தர முடிகிறது. சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பே இப்போது ஒரு சுவராகிவிட்டது.

எப்படி என்று பாருங்கள். கொரோனா காலத்தில் வட்டி சரிந்து, 2021 ஜனவரியில் ஃபிரெடி மேக்கின் சராசரி 2.65 சதவீதம் என்ற வரலாற்று அடிமட்டத்துக்கு வந்தது. பிறகு பணவீக்கத்தை அடக்க அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சிலிருந்து வட்டியை ஏற்ற ஆரம்பித்தது, கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. வீட்டுக் கடன் வட்டி 2023 அக்டோபர் கடைசியில் 7.79 சதவீதம். இப்போது நான்கு லட்சம் டாலர் கடனுக்குக் கணக்குப் போட்டால், 2.65 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,612 டாலர், 7.79 சதவீதத்தில் சுமார் 2,877 டாலர். மாதம் 1,265 டாலர் வித்தியாசம், முப்பது ஆண்டுக்கு. இடைப்பட்ட காலத்தில் வீட்டு விலையும் ஏறியதை இதில் சேர்க்கவே இல்லை. 2025இல் நியூ ஜெர்சியின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.49 டாலர். வாரம் நாற்பது மணி நேரம், ஆண்டு முழுக்க லீவே போடாமல் உழைத்தால், வரி பிடிப்பதற்கு முன் மாதம் 2,685 டாலர் வரும். அந்த முழுச் சம்பளத்தையும் கொடுத்தால்கூட அந்த 2,877 டாலர் தவணைக்குப் போதாது. இதுவாவது பரவாயில்லை, மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது.

மூன்று சதவீத வட்டியில் இருப்பவர்கள் வீட்டை விற்க மாட்டார்கள். ஏன் விற்க வேண்டும்? பிள்ளை பிறந்து இடம் போதாவிட்டாலும், வேலை வேறு ஊருக்கு மாறினாலும், அந்த வட்டியை விட்டால் இனி கிடைக்காது. அதனால் சந்தைக்கு வீடு வருவதே குறைந்துபோனது. 2024இல் அமெரிக்கா முழுவதும் கைமாறிய பழைய வீடுகள் சுமார் 40 லட்சம், 1995க்குப் பிறகு மிகக் குறைவு, அதுவும் மக்கள்தொகை அன்றைக்கு இருந்ததைவிட ஏழு கோடிக்கு மேல் கூடியிருக்கும்போது. வட்டி ஏறினால் விலை விழும் என்றுதான் பொருளாதாரப் பாடம் சொல்லும். விற்பவரும் ஒதுங்கிவிட்டதால் விலை விழவில்லை. 2025 ஜூனில் பழைய வீட்டின் நடுமட்ட விலை (பாதி வீடுகள் இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ்) 4,35,300 டாலர் என்ற புது உச்சத்தைத் தொட்டது. முதல் வீடு வாங்குபவரின் நடுமட்ட வயது 2025 கணக்குப்படி 40. நாற்பது வயதில் முதல் வீடு, எழுபதில் கடன் முடியும்!

ஆனால் பழியை முழுக்க வட்டியின் மேல் போட முடியாது. அதற்கு முன்பே வீடு போதாமல்தான் இருந்தது. 2005இல் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் புது வீடுகளுக்கு அடிக்கல் போட்ட நாடு, 2008 நெருக்கடிக்குப் பிறகு 2009இல் ஐந்தரை லட்சத்துக்கு வந்துவிட்டது. பில்டர்கள் திவாலானார்கள், தச்சர்களும் மேசன்களும் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை. பழைய வேகத்தை அடையப் பத்தாண்டுக்கும் மேல் ஆனது. அந்தப் பத்தாண்டில்தான் ஒரு பெரிய தலைமுறை வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, வீடு தேடும் வயதுக்கு வந்தது.

வீடு வாங்கிவிட்டவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கடிதம் வரும். எஸ்க்ரோ கணக்கு ஆய்வு என்று தலைப்புப் போட்டிருக்கும். வட்டி மாறாது என்று சொன்னேன் அல்லவா, ஆனால் மாதாமாதம் நாம் கட்டும் தொகையில் அசலும் வட்டியும் மட்டும் இல்லை, சொத்து வரியும் வீட்டு இன்ஷூரன்ஸும் சேர்ந்தே பிடிப்பார்கள். கடன் கொடுத்தவர் அதைத் தனிக் கணக்கில் வைத்து நம் சார்பில் கட்டுவார். வரியோ இன்ஷூரன்ஸோ ஏறினால் கணக்கில் பற்றாக்குறை விழும். கடிதத்தின் கீழே, அடுத்த மாதத்திலிருந்து உங்கள் புதுத் தொகை இவ்வளவு என்று ஒரு கட்டத்துக்குள் போட்டிருக்கும். அதில் இரண்டு ஏற்றம் இருக்கும்: போன ஆண்டு பற்றாக்குறையை ஈடுகட்ட ஒன்று, வரும் ஆண்டுக்காக இன்னொன்று. எனக்கு வந்த கடிதத்தில் இரண்டும் சேர்ந்து மாதம் 214 டாலர். சமையலறை மேஜையில் உட்கார்ந்து நானும் மனைவியும் அதை மூன்று தடவை கூட்டிப் பார்த்தோம், தப்பு ஏதாவது இருக்குமோ என்று. தப்பு இல்லை. அந்த மாதம் மகளின் நீச்சல் வகுப்பை நிறுத்தினோம்.

இன்ஷூரன்ஸ் ஏறுவதற்குக் காரணம் தெரிந்ததுதான். புயல், காட்டுத்தீ, அதோடு மரம், கூரை, கூலி எல்லாவற்றின் விலையும். கலிஃபோர்னியாவில் ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதமே புது வீட்டு பாலிசிகளை நிறுத்திவிட்டது, 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பாலிசேட்ஸும் ஆல்டடீனாவும் எரிந்தன. இன்ஷூரன்ஸ் இல்லாமல் வங்கி கடன் தராது, கடன் இல்லாமல் பெரும்பாலோரால் வீடு வாங்க முடியாது, ஆக ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு பகுதியை விட்டுப் போகிறது என்றால் அங்கே வீட்டின் மதிப்பே ஆட்டம் காண்கிறது.

சொத்து வரியில் நாட்டிலேயே முதலிடம் எங்கள் மாநிலத்துக்குத்தான். 2024இல் நியூ ஜெர்சியின் சராசரி சொத்து வரி முதல்முறையாக 10,000 டாலரைத் தாண்டியது. 564 நகராட்சிகள், பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனிப் பள்ளி நிர்வாகம், தனிப் போலீஸ், தனி நிர்வாகி. வரியில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. நல்ல பள்ளி இருப்பதால்தான் இங்கே வந்தோம், அதனால் அந்தப் பணத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் என் பக்கத்து வீட்டு அம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. பள்ளி ஆசிரியையாக இருந்து 2010இல் ஓய்வு பெற்றவர், கணவர் இறந்துவிட்டார், வீட்டுக் கடன் என்றோ அடைந்துவிட்டது. மாநில அரசு 2011இல் அரசு ஊழியர் பென்ஷனுக்கான விலைவாசி ஈட்டை நிறுத்தியது, அதன்பின் அந்தப் பென்ஷன் ஒரு டாலர்கூட ஏறவில்லை. வரி மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஏறுகிறது. நான்கு படுக்கையறை வீட்டில் ஒருத்தி. விற்றுவிட்டு இதே ஊரில் சின்ன ஃப்ளாட்டுக்குப் போக ஆசை, தோழிகளும் தேவாலயமும் டாக்டரும் எல்லாம் இங்கேதான். ஆனால் இந்த ஊரில் சின்ன ஃப்ளாட் என்ற ஒன்றே கிடையாது.

வாடகைக்காரர்கள் நிலை இன்னும் மோசம். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்கே போனால் அதைச் சுமை என்று இங்கே வரையறுக்கிறார்கள். ஹார்வர்டின் வீட்டுவசதி ஆய்வு மையக் கணக்குப்படி 2023இல் வாடகைக் குடும்பங்களில் சரிபாதி, 2 கோடியே 26 லட்சம் குடும்பங்கள், அந்தச் சுமையில் இருந்தன. சுமை என்ற சொல் கொஞ்சம் மென்மையாகத்தான் ஒலிக்கிறது. அதன் கடைசி முனையில் இருப்பது தெரு. 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடில்லாதவர்கள் 7,71,480 பேர், முந்தைய ஆண்டைவிட 18 சதவீதம் அதிகம்.

இதற்கு மேல் கரண்ட் பில். 2025 ஜூனில் நியூ ஜெர்சியில் மின்கட்டணம் ஒரே தாவலில் 17 முதல் 20 சதவீதம் ஏறியது. எங்கள் பகுதியின் மின் விநியோகத்தை ஒருங்கிணைக்கும் பிஜேஎம் என்ற அமைப்பு, வரும் ஆண்டுக்குப் போதுமான மின்சாரம் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று ஏலம் நடத்தும். அந்த ஏல விலை ஒரு மெகாவாட் நாளுக்கு 28.92 டாலரிலிருந்து 269.92 டாலருக்குப் பாய்ந்தது. பழைய மின் நிலையங்கள் மூடப்படுகின்றன, புதியவை வருவது தாமதமாகிறது, நடுவே டேட்டா சென்டர்கள் வந்து வரிசையில் நிற்கின்றன. ஆகஸ்ட் மாத ஏசி பில்லைப் பார்த்து அதிர்ந்துபோன பலருக்கு அப்படி ஓர் ஏலம் நடப்பதே தெரியாது.

இந்த இடத்தில்தான் அரசியல் உள்ளே வருகிறது. 2024 அதிபர் தேர்தலில் விலைவாசிக் கோபம் ஆளுங்கட்சியைக் கீழே தள்ளியது, டிரம்ப் ஜெயித்தார். ஓராண்டு கழித்து 2025 நவம்பரில் அதே கோபம் டிரம்பின் குடியரசுக் கட்சிக்கு எதிராகத் திரும்பியது. மின்கட்டணத்துக்கு நெருக்கடி நிலை அறிவிப்பேன் என்று சொன்ன மிக்கி ஷெரில் எங்கள் கவர்னரானார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ யார்க்கில், வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள சுமார் பத்து லட்சம் வீடுகளுக்கு வாடகை ஏற்றத்தை நிறுத்துவேன் என்ற ஒரு வாக்கியத்தை வைத்தே ஜோரான் மம்தானி மேயர் தேர்தலில் பெருவாரியான இளைஞர்களை இழுத்து ஜெயித்தார். கட்சிப் பற்று குறைந்து, மாதக் கடைசிக் கணக்கு ஓட்டுப்போடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே நேரத்தில் வாஷிங்டனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசாங்கம் முடங்கிக் கிடந்தது, அதுவரை இல்லாத அளவு நீண்ட முடக்கம். சண்டையின் மையம் மருத்துவக் காப்பீடு. கம்பெனி மூலம் காப்பீடு இல்லாத சிறு வியாபாரிகள், சுயதொழில் செய்பவர்கள், சீக்கிரம் ஓய்வு பெற்றவர்கள் வாங்கும் ஒபாமாகேர் பாலிசிகளுக்கு 2021 முதல் கொடுத்துவந்த கூடுதல் மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்பது. நீட்டிக்கவில்லை, 2025 டிசம்பரோடு அது முடிந்தது. மானியம் போனால் இவர்கள் ஆண்டுக்குத் தங்கள் கையிலிருந்து கட்டும் பிரீமியம் சராசரியாக 888 டாலரிலிருந்து 1,904 டாலராக ஆகும் என்று கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனம் கணித்திருந்தது. முடக்கத்தின் நடுவே நவம்பரில் 4 கோடியே 20 லட்சம் பேர் நம்பியிருக்கும் உணவு உதவியும் தடுமாறியது. எங்கள் ஊர் நூலக வாசலில் தேவாலயம் வைத்திருந்த இலவச உணவு அலமாரி, காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் காலியானது.

அரசு நினைத்தால் முடியும் என்பதற்கும் சமீபத்திய சாட்சி இருக்கிறது. 2021இல் ஓராண்டுக்கு மட்டும் குழந்தைகளுக்கான வரிச்சலுகையை உயர்த்தி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 3,600 டாலர், மற்றவர்களுக்கு 3,000 டாலர் என்று கொடுத்தார்கள். குழந்தைகளின் வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. சலுகையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டே 12.4 சதவீதத்துக்கு ஏறியது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வீட்டுப் பிரச்சினைக்கு 2025 நவம்பரில் டிரம்ப் சொன்ன யோசனை ஐம்பதாண்டுக் கடன். கேட்க நன்றாக இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு லட்சம் டாலர், 6.25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முப்பதாண்டுத் தவணை சுமார் 2,463 டாலர், ஐம்பதாண்டுத் தவணை சுமார் 2,180 டாலர். மாதம் 283 டாலர் மிச்சம். ஆனால் மொத்த வட்டி சுமார் 4,87,000 டாலரிலிருந்து சுமார் 9,08,000 டாலராகிறது. வீடுகளின் எண்ணிக்கையோ அப்படியே இருக்கிறது. வாங்க வருபவர் கையில் கூடுதலாகக் கடனைக் கொடுத்தால் அதே வீட்டின் விலை ஏறும், அவ்வளவுதான்.

வீடு கட்டினால்தான் தீரும். டெக்சாஸின் ஆஸ்டினில் சரமாரியாக அடுக்குமாடிகள் கட்டினார்கள், 2022க்குப் பிறகு அங்கே வாடகை இறங்கியது. ஆனால் அமெரிக்காவில் எங்கே என்ன கட்டலாம் என்பதை நாடாளுமன்றமோ அதிபரோ தீர்மானிப்பதில்லை, ஊர்தான் தீர்மானிக்கிறது. பெரும்பாலான ஊர்களில் பெரும்பாலான நிலத்தில் தனி வீடு மட்டுமே கட்ட அனுமதி. வீட்டுக்காரர்களுக்கு வீடுதான் மொத்தச் சேமிப்பும், அதன் விலை இறங்கிவிடுமோ என்ற பயம் புதுக் கட்டடங்களை எதிர்க்க அவர்களை ஊர்க் கூட்டத்துக்கு வரவழைக்கிறது. வீடு தேடுபவர் அந்த ஊரில் இன்னும் குடியேறவே இல்லை, அவருக்கு அங்கே ஓட்டும் கிடையாது.

இதை எதிர்த்து ஜெயித்த பெரிய சண்டை ஒன்று நியூ ஜெர்சியில்தான் நடந்தது. மவுண்ட் லாரல் என்ற ஊரில் பல தலைமுறைகளாக இருந்த கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்த எத்தல் லாரன்ஸும் அவருடைய அண்டை அயலாரும், தங்கள் பிள்ளைகளாவது இதே ஊரில் இருக்கட்டும் என்று 36 சின்ன ஃப்ளாட்டுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். ஊர் நிர்வாகம் மறுத்தது. வழக்குப் போட்டார்கள். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம், ஒவ்வோர் ஊரும் ஏழை எளியவர்களுக்கான வீட்டில் தன் பங்கைக் கட்டவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஊர்கள் இழுத்தடித்தன, 1983இல் நீதிமன்றம் இன்னும் கடுமையாகச் சொன்னது. எத்தல் லாரன்ஸ் 1994இல் இறந்துபோனார். அவர் பெயரிலான குடியிருப்பில் 2000இல்தான் ஆட்கள் குடிவந்தார்கள். பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மாஸி குழுவினர் அங்கே போய் ஆராய்ந்தார்கள். சுற்றுவட்டார வீட்டு விலை அதனால் இறங்கவில்லை, குற்றம் கூடவில்லை, வரியும் அதனால் ஏறவில்லை. ஊர்க்காரர்கள் முப்பது ஆண்டு பயந்த எதுவும் நடக்கவில்லை.

2024 மார்ச்சில் வந்த சட்டப்படி இப்போது அந்தக் கடமையின் நான்காவது சுற்று நடக்கிறது, ஒவ்வோர் ஊருக்கும் எண்ணிக்கை ஒதுக்கிவிட்டார்கள். மான்ட்வேல் தலைமையில் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. எங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் ஒரு பழைய கடைத்தொகுதி இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று வரலாம் என்று பேச்சு. அதை எதிர்க்கும் பலகைகள் புல்வெளிகளில் முளைத்திருக்கின்றன, பள்ளியில் இடம் போதாது, போக்குவரத்து நெரிசல் வரும் என்று. அந்தக் கவலைகளில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, பேசித் தீர்க்க வேண்டியவைதான்.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அந்தக் கட்டடத்தின் வரைபடத்தைக் காட்டினேன். லிஃப்ட் உண்டு, ஒரு படுக்கையறை ஃப்ளாட்டுகள் உண்டு, தேவாலயத்துக்கு நடந்து போகலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவர் காலி செய்தால் அந்த நான்கு படுக்கையறை வீட்டுக்கு ஒரு குடும்பம் வரும். எங்கள் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் காரோட்டி வீடு திரும்பும் செவிலியருக்கு, அதே கட்டடத்தில் ஒரு ஃப்ளாட் கிடைக்கலாம். திட்டக் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். அவர் பெயரையும் என் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.